ஜோயல் சுட்டானா, நாம் சுட்டோமா?

ரோஸ்ஹில் வேலு (திங்கள், இரவு 8.15)

தி லாஸ்ட் ஆஃப் அஸ், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, ஸ்பெக் ஆப்ஸ் என்ற வீடியோ கேம்களையெல்லாம் இன்னும் ஆடாதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள். முடிவு வரைக்கும் பேசப் போகிறேன்.

2024 ஜனவரியில் நம் மொரிஷியஸில் பெலால் புயல் வந்தபோது எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அன்றைக்குத்தான் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகத்தை இரண்டாம் தடவையாக முடித்தேன். அம்மாவுக்கும் வேறு போக்கிடம் இல்லாமல் பின்னால் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியாதவர்களுக்குக் கதை இரண்டு வரியில். ஒரு பூஞ்சை நோய் உலகத்தையே அழித்துவிட்டது. ஜோயல் ஒரு கடத்தல்காரன், மகளைப் பறிகொடுத்தவன். நோய் பற்றாத எல்லி என்ற பதினான்கு வயதுப் பெண்ணை ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். அவளை வைத்து மருந்து செய்யலாம், ஆனால் அந்த ஆபரேஷனில் அவள் பிழைக்கமாட்டாள் என்று அங்கே போன பிறகுதான் தெரிகிறது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறான், வழியில் நின்றவர்களைச் சுட்டுத் தள்ளுகிறான், பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். கடைசியில் அவளிடமே பொய்யும் சொல்கிறான்.

ஆபரேஷன் அறைக்குள் டாக்டர் ஒரு சின்னக் கத்தியைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் நிற்பார். அவரைக் கொல்லாமல் கேம் நகராது. போன தடவை நேராகச் சுட்டேன். இந்தத் தடவை பாதத்தில் சுட்டுப் பார்த்தேன். பாதத்தில் பட்டதற்கே செத்து விழுந்தார்.

"அந்த டாக்டர் உன்னை என்னடா செய்தார்?" என்று அம்மா கேட்டார். (கிரியோலில் கேட்டது. இங்கே தமிழில் போடுகிறேன்.)

"நான் கொல்லலைம்மா, ஜோயல்தான்."

"பட்டனை அமுக்கினது நீதானே."

எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை, அதனால்தான் இங்கே கொண்டுவந்து போடுகிறேன். ஜோயல் செய்தது கொலை என்பது என் கட்சி. அவனை நல்லவன் என்று நாம் நினைப்பதற்குக் காரணம், பதினைந்து மணி நேரம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று நடந்தது மட்டும்தான். சினிமாவாக இருந்தால் 'பாவம், பெத்த மனசு' என்று எழுந்து போயிருப்பேன். இங்கே என் விரலும் அதில் இருக்கிறது.

தெற்குக்கரை (திங்கள், இரவு 8.50)

வேலு, அம்மா கேட்டது நல்ல கேள்வி. நீ அதை எடுத்துக்கொண்ட விதம்தான் தப்பு.

பாதத்தில் சுட்டாய், செத்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நீ என்ன செய்தாலும் அவர் சாவார். வேறு வழியே வைக்காத இடத்தில் உன் விரலுக்கு என்ன பொறுப்பு? கதவை வெளியே பூட்டிவிட்டு, ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்று கேட்பது மாதிரி இருக்கிறது.

இதிலேயே பெரிய பித்தலாட்டம் ஸ்பெக் ஆப்ஸ். 2012இல் வந்தது. துபாயை மணல் மூடிக் கிடக்கும், நீங்கள் ஒரு ராணுவக் கேப்டன். ஓரிடத்தில் வெள்ளை பாஸ்பரஸ் குண்டு போட்டால்தான் மேலே போக முடியும். போடுகிறீர்கள். புகைக்குள் நடந்து போனால் கருகிக் கிடப்பவர்களில் பொதுமக்களும் இருக்கிறார்கள், பிள்ளையை அணைத்த தாய் வரைக்கும். அப்புறம் கேம் முழுக்க நம்மையே பார்த்து 'உன்னை யார் செய்யச் சொன்னது' என்கிற தொனி. யார் சொன்னது? நீதான் சொன்னாய்! போடாமல் துப்பாக்கியால் சமாளிக்கலாம் என்று நான் அரை மணி நேரம் முயன்றேன். எதிரிகள் வந்துகொண்டே இருந்தார்கள். வேண்டாமென்றால் ஆடுவதை நிறுத்தியிருக்கலாமே என்று அந்தக் கேமுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்கியதைப் பாதியில் மூடி வைப்பதா தர்மம்?

தேர்வு இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை. முடிந்தது.

ஃப்ளாக் பையன் (திங்கள், இரவு 8.58)

ஜோயல் செய்ததில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ரெட் டெட் 2இல் வரும் கொள்ளைக்காரன் ஆர்தர் மார்கனைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் மட்டும் சொல்லுங்கள், வருகிறேன்.

நீலக்கடல் (திங்கள், இரவு 9.30)

தெற்குக்கரை, உங்கள் வாதத்துக்கு இரண்டாம் பாகமே பதில் சொல்லிவிட்டது. 2020இல் வந்தது. அதில் ஆபி என்ற பெண் ஆரம்பத்திலேயே ஜோயலை அடித்துக் கொல்கிறாள். நான் அழுதேன், திட்டினேன், இரண்டு நாள் அதைத் தொடவில்லை. பாதிக் கேம் எல்லியாக அவளைத் துரத்தினேன். அப்புறம் திடீரென்று திரையைத் திருப்பி, இனி நீ ஆபி என்கிறது. அந்த டாக்டரின் மகள்தான் ஆபி. வேலு பாதத்தில் சுட்டாரே, அவருடைய மகள்.

ஒரு தியேட்டருக்குள் ஆபியாக நின்று எல்லியை அடிக்க வேண்டிய இடம் வரும். என்னால் முடியவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு சும்மா உட்கார்ந்தேன். எல்லி வந்து என்னைக் கொன்றாள். மறுபடி அதே இடம். மறுபடி சும்மா இருந்தேன், மறுபடி கொன்றாள். மூன்றாவது தடவை அடித்தேன்.

தேர்வு இல்லைதான். ஆனால் அந்த மூன்றாவது தடவை என் கட்டைவிரல் எவ்வளவு கனத்தது என்று எனக்குத்தான் தெரியும். குற்றம் இல்லாவிட்டால் ஏன் கனக்க வேண்டும்?

தெற்குக்கரை (திங்கள், இரவு 9.41)

சினிமா பார்த்தும்தான் அழுகிறோம். மனசு கனத்தால் பொறுப்பு வந்துவிடுமா?

பொறுப்பு எங்கே வரும் என்று கேட்டால் அண்டர்டேலைப் பாருங்கள். 2015, ஏறக்குறைய ஒரே ஆள் செய்த கேம். படம் சதுரம் சதுரமாகத்தான் இருக்கும். யாரையும் கொல்லாமலேயே முடிக்கலாம். ஆரம்பத்தில் டோரியல் என்று ஓர் ஆட்டு முகத்துப் பெண், தாய் மாதிரிப் பார்த்துக்கொள்வாள். வெளியே போக விடமாட்டேன் என்று வழிமறிப்பாள். நான் விவரம் தெரியாமல் கொன்றுவிட்டேன். ஐயோ என்று சேமித்துவைத்த பழைய இடத்துக்குப் போய் மறுபடி ஆடி, இந்தத் தடவை விட்டுவிட்டேன். அடுத்த அறையில் ஒரு பூ நின்றுகொண்டு, நீ அவளைக் கொன்றது எனக்குத் தெரியும், திரும்பி வந்து மாற்றியதும் தெரியும் என்கிறது. எனக்கு முதுகு சில்லிட்டது. அங்கே தேர்வு என்னுடையது, தப்பும் என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன்.

மொக்கா அக்கா (திங்கள், இரவு 10.05)

வாலி வதத்தை நான் எடுக்கப் போகிறேன் என்று எல்லோரும் பயந்துகொண்டிருப்பீர்கள்...

ஃப்ளாக் பையன் (திங்கள், இரவு 10.06)

அக்கா வேண்டாம் அக்கா. பள்ளிக்கூடப் பட்டிமன்றத்திலேயே போதும் போதும் என்று ஆகிவிட்டது.

மொக்கா அக்கா (திங்கள், இரவு 10.20)

எடுக்கவில்லை தம்பி. தருமனின் தேரை எடுக்கிறேன். பாரதத்தில் தருமனின் தேர்ச் சக்கரம் தரையைத் தொடாது, நான்கு விரற்கடை மேலே ஓடும். துரோணரிடம் 'அசுவத்தாமன் இறந்தான்' என்று உரக்கச் சொல்லி, 'யானை' என்பதை வாய்க்குள் முனகினானே, அந்த நிமிடம் தேர் தரையில் இறங்கிவிட்டது.

ரெட் டெட் 2இல் கீழே ஒரு பட்டை இருக்கிறது அல்லவா, ஆர்தரின் மானத்தை அளப்பது? (என் மகன் ஆடும்போது பார்ப்பேன்.) நல்லது செய்தால் வலது பக்கம், கெட்டது செய்தால் இடது பக்கம். அதைப் பார்த்ததும் இந்தத் தேர்தான் ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். தேர் இறங்கினால் இறங்கியதுதான், மறுபடி ஏறியதாகக் கதை இல்லை. ஆர்தரோ ஒருவனைக் கொன்றுவிட்டு, ஊருக்குள் போய்ப் பத்துப் பேருக்கு வணக்கம் சொன்னால் பட்டை ஏறிவிடுகிறது. கொலைக்குப் பரிகாரம் வணக்கம்! இந்தப் பட்டை இருக்கும் வரைக்கும் நன்மை தீமை மயக்கம் என்று பேச இடமே இல்லை. கணக்குப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து கூட்டிக் கழித்துச் சொல்லும்போது மயக்கம் எங்கே?

ஃப்ளாக் பையன் (திங்கள், இரவு 10.24)

சொன்னேனே, ஆர்தரைத் தொட்டால் வருவேன் என்று. அவன் கடைசியில் திருந்திவிடுகிறான் அக்கா. கூட்டாளி ஜானைத் தப்பவைத்துவிட்டு மலை மேல் சூரியனைப் பார்த்துக்கொண்டே சாவான். எங்கள் வீட்டில் மூன்று பேர் அழுதோம்.

ரோஸ்ஹில் வேலு (திங்கள், இரவு 10.40)

தம்பி, அது பட்டை வலது பக்கம் இருந்தால் வரும் முடிவு. இடது பக்கம் இருந்தால் சூரியன் கிடையாது, கும்பலின் துரோகி மைக்கா கையால் சாவான்.

சரி, டவுன்ஸை மறந்துவிட்டாயா? ஆர்தரின் கும்பலில் ஒருவன் ஏழைகளுக்கு வட்டிக்குக் கொடுப்பான், வசூலுக்குப் போவது ஆர்தர். டவுன்ஸ் இருமிக்கொண்டிருக்கும் விவசாயி. பெண்டாட்டியும் பிள்ளையும் பார்க்க அவனை அடிக்கிறான். அடிக்கும்போது டவுன்ஸ் இருமிய ரத்தம் ஆர்தர் முகத்தில் தெறிக்கும். அந்தக் காசநோய்தான் பிறகு ஆர்தரைக் கொல்கிறது. அந்த அடியைத் தவிர்க்க முடியாது, நான் பார்த்துவிட்டேன். பிற்பாடு டவுன்ஸின் மனைவி நகரத்தில் உடம்பை விற்றுப் பிழைப்பதைப் பார்ப்பாய். மானப் பட்டையை முழுக்க வலது பக்கம் வைத்துக்கொண்டுதான் நான் அவள் முன்னால் போய் நின்றேன். பட்டை என்ன சொன்னாலும் அவள் முகம் வேறு சொன்னது. அக்கா, பட்டை பொய் சொல்கிறது என்று அங்கேதான் புரிகிறது, அதுதான் அந்தக் கேமின் கெட்டிக்காரத்தனம்.

தெற்குக்கரைக்கு ஒன்று. அண்டர்டேலில் தேர்வு இருக்கிறது, சரி. ஆனால் எது நல்ல வழி என்பதில் சந்தேகம் உண்டா? கொல்லாதே, அவ்வளவுதான். அங்கே மயக்கமே இல்லை. மாஸ் எஃபெக்ட் என்ற கேமை எடுத்துக்கொள். நல்லவன், முரடன் என்று இரண்டு வழி வைத்தார்கள். 92 சதவீதம் பேர் மாதிரி நல்லவன் வழியில்தான் போனார்கள் என்று அதில் வேலை செய்த ஒருவரே 2020இல் சொன்னார். தேர்வைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் எல்லோரும் நல்லவர்கள்தான்.

தெற்குக்கரை (திங்கள், இரவு 11.02)

அது தேர்வின் குற்றமில்லை, மோசமாக எழுதிய தேர்வின் குற்றம். நல்லவனாக இருப்பதற்கு ஏதாவது செலவு வை, அப்புறம் பார்ப்போம் எத்தனை பேர் நல்லவர்கள் என்று.

நாளை வேலை. தூங்கப் போகிறேன்.

கரும்புத்தோகை (செவ்வாய், மாலை 6.10)

நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். தெற்குக்கரை கடைசியாகக் கேட்டது மாதிரி ஒரு கேம் இருக்கிறது. பேப்பர்ஸ், ப்ளீஸ். 2013இல் வந்தது, லூகாஸ் போப் என்பவர் செய்தது. துப்பாக்கிச் சண்டைக்காக வாங்குபவர்கள் ஏமாந்து போவார்கள்.

அர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு கற்பனை நாடு, 1982. நீங்கள் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுப் பார்க்கும் குமாஸ்தா. வரிசையில் ஒவ்வொருவராக வருவார்கள். தாளைப் பார்த்து, தேதியைப் பார்த்து, முத்திரை குத்த வேண்டும். சரியாகப் பார்த்த ஒவ்வொரு ஆளுக்கும் 5 கிரெடிட் கூலி. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கைச் சீட்டு, மூன்றாவதிலிருந்து கூலியில் பிடிப்பு. சாயங்காலம் ஒரு கணக்குத் தாள் வரும். வாடகை, சாப்பாடு, குளிருக்கு நெருப்பு. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. காசு போதாவிட்டால் எதை வெட்டுவது என்று நீங்கள்தான் டிக் அடிக்க வேண்டும்.

ஒரு கணவன் வருவான், எல்லாத் தாளும் சரி. பின்னாலேயே என் மனைவி வருகிறாள், பார்த்துக்கொள்ளுங்கள் என்பான். அவளிடம் ஒரு தாள் இல்லை. ஊருக்குத் திரும்பினால் கொன்றுவிடுவார்கள் என்பாள். அன்றைக்கு என்னிடம் தவறு ஏதும் இல்லை, அதனால் விட்டேன். எச்சரிக்கைச் சீட்டுதானே. பெரிய தர்மவான் மாதிரி இருந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொருத்தி அதே மாதிரி கெஞ்சினாள். அன்றைக்கு இரண்டு சீட்டும் தீர்ந்துவிட்டது, வீட்டில் மகனுக்குக் காய்ச்சல். சிவப்பு முத்திரையைக் குத்தினேன். அவள் போன பிறகு வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட ஒரு நிமிடம் ஆயிற்று. அப்போதும் நான் நினைத்தது ஒரு நிமிடம் வீணாயிற்றே, 5 கிரெடிட் போச்சே என்றுதான்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டனின் அப்பா படம் மாட்டியிருக்கிறது. தலைப்பாகை, கையில் பிரம்பு. அவர் சிர்தார். வெளியூர்க்காரர்கள் யாராவது படித்தால் தெரியட்டும்: கரும்புத் தோட்டத்தில் வெள்ளைக்கார முதலாளிக்கும் கூலிகளுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கியவர். அவரும் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர்தான். ஒப்பந்தக் கூலிகள் வந்ததை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் தேதி வந்தால் எங்கள் மாமா படத்துக்கு மாலை போட்டு 'சிர்தார் வீட்டுப் பிள்ளைகள்' என்று பெருமையாகச் சொல்வார்.

ஆரம்ப காலத்தில் ஆண் கூலிக்கு மாதம் 5 ரூபாய் என்பதும், ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பு, 'டபுள் கட்' என்பதும் இங்கே எல்லோருக்கும் பாடத்தில் வந்தது. யார் வந்தார், யார் வரவில்லை என்று காலையில் பார்த்துச் சொன்னது யார்? சிர்தார்தானே. காய்ச்சலில் படுத்தவனுக்கு வரவு போட்டால் முதலாளி பிடிப்பார், போடாவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. பாட்டனின் அப்பா எத்தனை பேருக்குச் சிவப்பு முத்திரை குத்தினார் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி கேமை மூடிவிட்டுக் கூடத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தபோது படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தெற்குக்கரை (செவ்வாய், மாலை 6.45)

இது நான் எதிர்பார்க்காத பக்கம். இருந்தாலும் கேட்கிறேன், மன்னியுங்கள். அவர் சிர்தாராக மாட்டேன் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேறொருவன் பிரம்பை வாங்கியிருப்பான், அவர் பிடிப்பு வாங்கும் வரிசையில் நின்றிருப்பார். அதையும் தேர்வு என்று சொல்வீர்களா?

ரோஸ்ஹில் வேலு (செவ்வாய், மாலை 6.52)

நேற்று 'தேர்வு இல்லாத இடத்தில் குற்றமில்லை, முடிந்தது' என்றாயே. அப்படியானால் சிர்தாருக்கும் முடிந்ததா?

தெற்குக்கரை (செவ்வாய், இரவு 7.20)

ஸ்பெக் ஆப்ஸில் ஒரே வழி. அங்கே நான் சொன்னது இன்னும் நிற்கிறது, அதை விடமாட்டேன். இங்கே ஒரே வழி இல்லை. பிரம்பை வாங்கிய பிறகும் ஓங்கி அடிக்கலாம், ஓங்குவது மாதிரிக் காட்டலாம். இதுவரை எழுதிவிட்டேன். இதற்கு மேல் அவர் என்ன செய்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் 'முடிந்தது' என்பதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஃப்ளாக் பையன் (செவ்வாய், இரவு 7.48)

தால்பூரி வாங்கிக்கொண்டு வருவதற்குள் ஜோயலை விட்டுவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்கே போய்விட்டீர்கள்.

கரும்புத்தோகை அண்ணே, கோபப்படாதீர்கள், ஒன்று சொல்கிறேன். எங்கள் தாத்தாவின் தாத்தா சிர்தாரிடம் அடி வாங்கியவர். எந்தத் தோட்டம், எந்தச் சிர்தார் என்றெல்லாம் தெரியாது. முதுகில் தழும்பு இருந்தது என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். எங்கள் பாட்டி யாரையாவது திட்ட வேண்டுமென்றால் 'பெரிய சிர்தார் மாதிரி' என்பார். எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை. அதற்கு மாலை போடுகிற வீடும் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியும்.

கரும்புத்தோகை (செவ்வாய், இரவு 8.05)

கோபம் எதற்கு தம்பி? நீ சொன்னதுதான் எங்கள் வீட்டில் யாரும் சொல்லாதது. ஜோயல் மகளாக நினைத்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான், நாம் அவன் பக்கம் நின்றோம். டாக்டரின் வீட்டுக் கதை ஏழு வருஷம் கழித்துத்தான் வந்தது. எங்கள் வீட்டுக்கு அது இன்றைக்கு வந்திருக்கிறது, ஃப்ளாக்கிலிருந்து.

நீலக்கடல் (செவ்வாய், இரவு 8.11)

மாமாவிடம் இதைச் சொல்வீர்களா?

கரும்புத்தோகை (செவ்வாய், இரவு 8.15)

அவருக்கு 81 வயது. பார்க்கலாம்.

ஃப்ளாக் பையன் (செவ்வாய், இரவு 8.30)

அந்த எல்லைச் சாவடிக் கேம் ஃபோனில் உண்டா? கம்ப்யூட்டரில் தங்கை பரீட்சைக்குப் படிக்கிறாள்.

தெற்குக்கரை (செவ்வாய், இரவு 8.33)

உண்டு. 2022இல் ஃபோனுக்கும் வந்தது. கண் வலிக்கும், விளக்கைப் போட்டுக்கொண்டு ஆடு.

மொக்கா அக்கா (செவ்வாய், இரவு 8.40)

நானும் ஆடிப் பார்க்கிறேன். அதில் பட்டை கிடையாதே?

கரும்புத்தோகை (செவ்வாய், இரவு 8.44)

மானப் பட்டை கிடையாது அக்கா. சாயங்காலம் கணக்குத் தாள் மட்டும்தான்.

ஃப்ளாக் பையன் (வியாழன், நள்ளிரவு 12.35)

அதில் ஒரு காவலாளி வருகிறான். தாளில் கோளாறு இருப்பவர்களைத் திருப்பி அனுப்பாமல் பிடித்துக் கொடு, எனக்குக் கிடைப்பதில் உனக்கும் பங்கு தருகிறேன் என்கிறான். முதல் நாள் சிரித்துவிட்டு விட்டேன். இன்றைக்கு வாடகை கட்டியதும் சாப்பாட்டுக்குக் காசு இல்லை.

எட்டுப் பேரைப் பிடித்துக் கொடுத்தேன். அதில் ஐந்து பேரையாவது திருப்பி அனுப்பினாலே போதும். ஒரு கிழவர், பெயர்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மகனுக்கு மருந்து வாங்கிவிட்டேன். யாரும் ஒன்றும் கேட்காதீர்கள்.